இனாம் கொடுப்பவன்

வங்கியில் கணக்கு நேராகாத நாட்களில் எங்களுக்கு ஒரு புகலிடம் உண்டு. சஸ்பென்ஸ் கணக்கு என்று பெயர். யாருடையதென்று தெரியாத பணத்தை அதில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம். டிப்ஸ் என்று நாம் சொல்கிற இனாமும் இப்படியொரு கணக்குதான் என்று மாலத்தீவில் நான்கு நாட்கள் இருந்தபோது எனக்குத் தோன்றியது. கூலியா, கொடையா, லஞ்சமா என்று தீர்மானிக்க முடியாத ஒன்றை அதில் எழுதிவிட்டு நாம் தூங்கப் போகிறோம்.

2023 செப்டம்பரில் நானும் மனைவியும் போனோம். அங்கே அது மழைக்காலம். விலை குறைந்திருந்ததால்தான் எங்களால் போக முடிந்தது. 'எல்லாம் உட்பட' என்கிற திட்டம். அறை, சாப்பாடு, பானம், படகு, 16 சதவீத வரி, 10 சதவீத சேவைக் கட்டணம், எல்லாவற்றையும் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. அதன் பிறகு அந்தத் தீவில் பணம் கண்ணில் படவேண்டிய அவசியமில்லை. இத்திட்டம் விற்பது பணத்தை மறந்திருக்கும் உரிமையை என்றுதான் சொல்லவேண்டும். 1950இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கூடாரங்களோடு ஆரம்பித்த க்ளப் மெட் இதற்கு முன்னோடி. அதன் விடுதிகளில் மதுவுக்குக்கூடக் காசு கொடுக்காமல், கோத்து அணிந்திருக்கும் மணிகளைக் கழற்றிக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. ஊழியரும் விருந்தாளியும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். இனாம் கிடையாது. பணம் மறைந்தால் படிநிலையும் மறையும் என்ற கனவு அது.

கனவு எனக்கு முதல் இரவிலேயே கலைந்தது. பரிமாற வந்த இளைஞர் தூத்துக்குடிக்காரர். தூத்துக்குடியிலிருந்து மாலேக்குத் தோணியில் சாமான் போவது பழைய சங்கதி. இப்போது ஆட்களும் போகிறார்கள். நாங்கள் தமிழ் பேசியதைக் கேட்டு, 'எந்த ஊருண்ணே?' என்றார். பேச்சுவாக்கில், 'இப்ப ஆளு வரத்து கம்மிண்ணே. அதனால சர்வீஸ் சார்ஜும் கம்மிதான்' என்றார். சேவைக் கட்டணத்தை ஊழியர்களுக்குப் பங்கிடவேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். விருந்தாளிகள் குறைந்தால் பங்கும் குறையும். எனக்கு எது மலிவோ அதுவே அவருக்கு நஷ்டம். எழுந்திருக்கும்போது ஐந்து டாலர் கொடுத்தேன்.

மறுநாள் காலை கடலோரமாக ஒரு மேஜை எங்களுக்காகக் காத்திருந்தது. எங்களுக்கு முன்னால் வந்த ஒரு வயதான தம்பதி இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். 'வாங்க சார்' என்றார் அவர். மேஜை வந்துவிட்டது, 'அண்ணே' போய்விட்டது.

இது நுண்ணுணர்வு படைத்தவனின் சொகுசான துக்கம், அவருக்கு வேண்டியது டாலர்தான் என்று ஒரு நண்பர் சொன்னார். பாதி வாஸ்தவம். கொள்கைக்காக இனாம் கொடுக்காமல் வருகிறவர்களை நான் அறிவேன். அவர்களுடைய கொள்கைக்கு விலை கொடுப்பது வேறொருவர். அமெரிக்காவில் உள்நாட்டுப் போருக்குப் பின், விடுதலை பெற்ற கறுப்பர்களைப் புல்மன் கம்பெனி தன் ரயில் பெட்டிகளில் வேலைக்கு வைத்தது. சம்பளம் சொற்பம், மீதியைப் பயணிகளின் இனாம் பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. 1925இல் சங்கம் அமைத்த அந்தத் தொழிலாளிகள் ஒப்பந்தம் பெற 1937 ஆயிற்று. இனாம் பெறும் ஊழியருக்கு அந்நாட்டின் மத்திய சட்டம் விதிக்கும் குறைந்தபட்சக் கூலி 1991இலிருந்து மணிக்கு 2.13 டாலர். புந்தா கானாவுக்கும் கான்குனுக்கும் ஒரு டாலர் நோட்டுக்கட்டோடு போகிற அமெரிக்கர் இந்தப் பழக்கத்தையும் பெட்டியில் கொண்டுபோகிறார். ஆகவே இனாமை வெறுக்க நியாயம் உண்டு. அந்த வெறுப்பை ஊழியரின் வெறுங்கையில் காட்ட நியாயமில்லை.

தடை செய்துவிட்டால்? 1981இல் ஜமைக்காவில் தொடங்கிய ஸாண்டல்ஸ் விடுதிகளில், பட்லர் போன்ற சிலரைத் தவிர, இனாம் கூடாது என்பது கொள்கை. இப்படிப்பட்ட இடங்களில் ரகசியமாக நோட்டைத் திணிப்பதைச் சிலர் பெரிய மனசு என்று நினைக்கிறார்கள். விதியை மீறும் கிளுகிளுப்பு கொடுப்பவருக்கு. பிடிபட்டால் ஆபத்து வாங்குபவரின் வேலைக்கு.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. எவ்வளவு கொடுப்பது என்றே எல்லோரும் கேட்கிறோம். கொடுப்பதில் உள்ள ஆபத்து யாரிடம் போய்ச் சேர்கிறது என்று கேட்பதில்லை. பையில் மிஞ்சிய அயல்நாட்டுச் சில்லறையைக் கொட்டிவிட்டு வருகிறோம். வங்கிகள் பொதுவாக அயல்நாட்டு நாணயங்களை வாங்குவதில்லை என்பது கௌண்ட்டரில் உட்காருகிற எனக்குத் தெரியும். ஓரம் கிழிந்த டாலர் நோட்டைத் திருப்பித் தள்ளுகிறவனும் என்னைப் போன்ற ஒருவன்தான். கொடுத்தவருக்குப் புண்ணியம்; வாங்கியவர் கையில் உலோகம்.

இரண்டாம் நாள் அறையைச் சுத்தம் செய்கிறவருக்காக மேஜைமேல் இரண்டு டாலர் வைத்துவிட்டுப் போனேன். வங்காளதேசத்துக்காரர்; ஒரு தடவைதான் கண்ணில் பட்டார். திரும்பி வந்தபோது படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கமில்லை. நோட்டுகள் வைத்த இடத்திலேயே இருந்தன, காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு கண்ணாடி டம்ளரோடு. என்ன ரோஷம் என்று வியந்தேன். தூத்துக்குடிக்காரர் விளக்கினார்: 'எழுதி வெச்சாத்தான் சார் எடுப்பாங்க. இல்லேன்னா மறந்து வெச்ச காசைத் திருடிட்டான்னு ஆயிடும்.'

வார்த்தையில்லாத பணம் ஒருவரைத் திருடராக்கிவிடும். அந்த டம்ளரை வைத்தவர் என் பணத்தையும் காப்பாற்றினார், தன்னையும் காப்பாற்றிக்கொண்டார். என் தாராளத்துக்கு அதில் பங்கே இல்லை. ஒரு சீட்டில், 'இது உங்களுக்கு, நன்றி' என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தேன். ஆங்கில இலக்கியம் படித்து நான் எழுதியவற்றில் யாருக்காவது உடனே பயன்பட்ட ஒரே வாக்கியம் இதுவாக இருக்கலாம்.

கொடை பதில்கொடையை நிர்ப்பந்திக்கிறது என்று மார்ஸெல் மோஸ் 1925இல் எழுதினார். கடலோர மேஜையை முதலில் நான் அடிமைத்தனமாகப் படித்தேன். இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. அவர் எனக்குக் கடன்பட்டிருக்க மறுத்திருக்கிறார். தன்னிடமிருந்த ஒரே பண்டத்தைக் கொண்டு ஐந்து டாலரை நேர் செய்துவிட்டார். 'சார்' என்பது ரசீது. ஆனால் அதற்கான செலவு நின்றுகொண்டிருந்த வயதான தம்பதியின் கணக்கில் விழுந்தது. முதல் நாள் கொடுக்கிற இனாமில் இந்தத் தோஷம் எப்போதும் இருக்கிறது. கடைசி நாள் கொடுத்தால் குறைந்தபட்சம் அது எதையும் வாங்காது. சீட்டோடு, செல்லும் நோட்டாக, அனுமதியிருக்கிற இடத்தில், கண்ணில் படாதவருக்கும் சேர்த்துக் கொடுத்தால் ஆபத்தும் அவர் தலையில் விழாது. இதற்குமேல் அதில் அறம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. கூலி சரியாக இல்லாத இடத்தில் நம் கை சுத்தமாகிவிடப் போவதில்லை.

கிளம்பும்போது படகுத்துறையில் ஊழியர்களுக்கான பொதுப் பெட்டியில் கொஞ்சம் போட்டேன். தூத்துக்குடிக்காரர் பெட்டியைத் தூக்கிப் படகில் வைத்தார். அவர் கையிலும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, 'போயிட்டு வாங்க சார்' என்றார்.

முதல் இரவின் 'அண்ணே' எந்தக் கணக்கிலும் வரவாகவில்லை. வங்கியில் சஸ்பென்ஸ் வரவுகளைச் சீக்கிரம் தீர்க்கவேண்டுமென்று விதி. இது நின்றுகொண்டேயிருக்கிறது.