பட்டினியும் பழியும்

ஒரு மனிதனின் சுபாவத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை அவனிடமிருந்து ஆரம்பித்து, விதியிலோ சமூகத்திலோ கொண்டுபோய் முடிப்பது நம் வழக்கம். நடுவில், அவனைச் சுமந்தபோது அவன் தாய் என்ன சாப்பிட்டாள் என்று கேட்பது தத்துவத்துக்குக் கௌரவக் குறைவாகப் படலாம். ஆனால் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பதிலும் கிடைத்திருக்கிறது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் என் பிரச்னை.

1944 செப்டம்பரில் ஹாலந்தின் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாட்டை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர்கள் பதிலுக்கு மேற்குப் பகுதிகளுக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். தடை தளர்ந்தபோது கால்வாய்கள் உறைந்துவிட்டன. நவம்பர் இறுதிக்குள் ஒருவருக்கு ரேஷன் நாளொன்றுக்கு 1,000 கலோரிக்கும் கீழே போயிற்று. பிறகு 400-க்கும் 800-க்கும் இடையில். டியூலிப் கிழங்கைத் தின்றார்கள். செத்தவர்கள் 20,000-க்கு மேல் என்று கணக்கு. 1945 மே மாதம் விடுதலையோடு சாப்பாடும் வந்தது.

ஆரம்பமும் முடிவும் தேதியோடு தெரிந்த பட்டினி. எந்தச் சிசு கர்ப்பத்தின் எந்த மாதத்தில் பட்டினிக்கு உள்ளானது என்பதைப் பிறந்த தேதியிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். ஆண் பிள்ளைகளைப் பதினெட்டு வயதில் ராணுவம் அழைத்துப் பரிசோதித்தது. ஒரு ராணுவம் செய்ததை இன்னொரு ராணுவம் அளந்து வைத்தது. அந்தப் பதிவுகளைப் பார்த்த ஜீனா ஸ்டைன், மெர்வின் ஸஸ்ஸர் தம்பதியும் அவர்கள் சகாக்களும், அறிவுச் சோதனையில் எந்தக் குறைவும் இல்லை என்று 1972-ல் எழுதினார்கள். அவர்கள் மகன் எஸ்ரா ஸஸ்ஸர், வேறு இருவரோடு சேர்ந்து, 1999-ல் அந்த ராணுவப் பரிசோதனைகளில் வேறொன்றைத் தேடினார். கர்ப்பத்தின் முதல் ஆறு மாதங்களில் கடும் பட்டினிக்கு உள்ளானவர்களிடம், சமூக விரோத ஆளுமை என்று மருத்துவர்கள் குறித்தது ஏறக்குறைய இரண்டரை மடங்கு இருந்தது. கடைசி மூன்று மாதங்களில் மட்டும் உள்ளானவர்களிடம் இந்த வித்தியாசம் இல்லை. பெற்றோர் பார்த்த புத்தி தப்பித்துவிட்டது. மகன் பார்த்த மனசு தப்பவில்லை.

இதிலிருந்து எவனையும் மன்னிக்கவும் முடியாது, தண்டிக்கவும் முடியாது. சிறிய எண்ணின் இரண்டரை மடங்கும் சிறிய எண்தான். அந்தக் குளிர்காலத்தைக் கருவில் கழித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தக் குறிப்பும் எழுதப்படாமல் வளர்ந்தவர்கள். புள்ளிவிவரம் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. பழி தனி ஆளைத் தேடுகிறது.

தேடிக் கண்டுபிடிப்பது தாயை. இந்தச் சான்றுக்கு மதிப்பே, அந்தத் தாய்மார்கள் சாப்பிடாமல் இருந்தது அவர்கள் தேர்வு அல்ல என்பதில்தான் இருக்கிறது. அசிரத்தையோ அறியாமையோ அங்கே கணக்கில் வரவில்லை. ஓர் உத்தரவு வந்தது. ஆனால் அறிவுரையாக மாறி நம்மிடம் வரும்போது வாக்கியத்தின் எழுவாய் மாறிவிடுகிறது. 'உணவைத் தடுத்தால்' என்பது 'தாய் சரியாகச் சாப்பிடாவிட்டால்' என்று ஆகிறது. நமக்கு இது புதிதல்ல. நம் பக்கம் சொல்லும் அபிமன்யு கதையிலும், வியூகத்திலிருந்து வெளியே வரும் வழியை அவன் அறியாமல் போனதற்குச் சுபத்திரை தூங்கியதுதான் காரணம். தனியாக நின்றவனைப் பலர் சூழ்ந்து கொன்றது அடுத்த விஷயமாகிவிடுகிறது.

அறிவுரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாப்பாடு கைக்கெட்டுகிற இடத்தில் இருப்பவளுக்கு அது உபகாரம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பாத்திரத்தில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவளிடம் அதையே சொன்னால், பசியோடு குற்ற உணர்வையும் சேர்த்துப் பரிமாறுகிறோம். அவளுக்கு முன்னால் சாப்பிட்டு எழுந்தவர்களிடம் சொல்ல வேண்டியது அது.

1944-ல் பிறந்த ஓர் உத்தரவு 1963-ல் ஓர் இளைஞனின் மூர்க்கமாக வந்து நின்றிருக்கலாம். நடுவில் பத்தொன்பது வருஷம். உத்தரவிட்டவன் அதற்குள் செத்திருப்பான், அல்லது பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பான். இத்தனை காலம் கழித்து வந்து நிற்கும் இந்த விளைவுக்குச் சட்டத்தில் தனியாக ஒரு பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. அறத்திலாவது ஒரு பெயர் வேண்டும். அது கிடைக்கும்வரை கைக்கு அருகில் இருக்கிற தாயின் பெயரைத்தான் உபயோகித்துக்கொண்டிருப்போம்.