கணக்கு எழுதும் கை

நம் கூட்டங்களில் ஒரு பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. சேரியிலிருந்து மேலே வருகிற பிள்ளைகள் சட்டம் படிக்கலாம், தமிழ் படிக்கலாம், வரலாறு படிக்கலாம். அதெல்லாம் போராட்டத்துக்கு ஆகும். எம்.காம்., எம்.பி.ஏ. என்று நிதி படிக்கப் போகிறவர்கள் கழன்றுகொள்ளப் போகிறவர்கள். 'வட்டிக்காரன் படிப்பு நமக்கெதுக்குப்பா?' என்று ஒரு தோழர் கேட்டால் நாலு பேர் தலையாட்டுகிறார்கள். சுருளிப்பட்டிப் பக்கம் இதே விஷயம் வேறு மாதிரி கேட்கப்படுகிறது: 'அதப் படிச்சா பேங்கு வேல கெடைக்குமா?' இரண்டு கேள்விக்கும் அடியில் ஒரு நியாயப் பிரச்சினை கிடக்கிறது. பணத்தின் கணக்கைக் கற்றுக்கொண்ட தலித் யாருக்குக் கடன்பட்டவர்? முதலில், அவர் கடன்பட்டவர்தானா?

கிராமத்தில் கணக்கு எழுதுகிற கையில்தான் அதிகாரம் இருந்தது. கர்ணம், மணியம் பதவிகள் வழிவழியாக மேல்சாதிக் குடும்பங்களுக்குள்ளேயே சுற்றி வந்தன. யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு தீர்வை, எது புறம்போக்கு, எது பஞ்சமி என்று எழுதியது அந்தக் கை. வெட்டியானும் தோட்டியும் தமுக்கடித்தார்கள், தாக்கல் சொன்னார்கள், ஓடினார்கள். நோட்டைத் திறந்து பார்க்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. தமிழ்நாட்டில் இந்தப் பகுதிநேர கிராம அதிகாரிப் பதவிகள் ஒழிந்ததே 1980ல்தான். 1892க்குப் பிறகு நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தில் தடி எடுத்துப் பறித்தது உண்டு. பேனா எடுத்துப் பறித்ததும் உண்டு. ஆகவே கணக்குப் படிப்பு நமக்கு அந்நியமான படிப்பு என்று சொல்கிறபோது யாருடைய ஏற்பாட்டை நாம் வழிமொழிகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கில் கணக்கு என்பது அன்றாட விஷயம். சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தல் வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் காய்த்துக்கொண்டேதான் இருக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பந்தலுக்கடியில் கழுத்தை அண்ணாந்தபடியே நின்று குலை வெட்டுகிற பொம்பளைக்கு நாள் கூலி. வேலை இல்லாத நாளில் விடியக்காலை ஜீப் ஏறிக் கேரள மலையில் ஏலக்காய் எடுக்கப் போகவேண்டும். திரும்பி வந்தால் வீட்டில் மூன்று நோட்டு தொங்கும்: மளிகைக்கடைப் பாக்கி நோட்டு ஒன்று, குழுக்கடன் நோட்டு இரண்டு. மூன்றிலும் எழுதியது அவள் கை அல்ல.

இந்த நோட்டுகளில் ஒன்றை எழுத இன்று நம் பிள்ளையே வருகிறான். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, எம்.காம். முடித்தவன். குடும்பத்தில் முதல் பட்டதாரி. வங்கித் தேர்வு எழுதி எழுதி அலுத்துப் போய் ஒரு கடன் கம்பெனியில் சேர்ந்தான். அவனுக்குக் கொடுத்த பகுதியில் நம் தெருக்களும் உண்டு. அங்கே ஒரு அக்கா சொன்னார்: 'வேற ஆளா இருந்தா நாளைக்கு வான்னு சொல்லிருப்பேன். நம்ம புள்ள வந்து நிக்கிறான். அவன ஆபிசுல ஏசுவாகளேன்னு கம்மல அடகு வச்சுக் கட்டுனேன்.'

அந்தக் கம்மலைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். அடியாளை வைத்து வசூலித்தால் வழக்குப் போடலாம். 2003ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. 2025ல் கடன் நிறுவனங்களின் கட்டாய வசூலுக்கு எதிராகவும் சட்டம் வந்தது. ஆனால் ஒருவர் மேல் ஒருவர் வைத்திருக்கிற பாசத்தையே வசூல் கருவியாக்கினால் எந்தச் சட்டத்தில் புகார் கொடுப்பது? கம்பெனிக்கு அந்தத் தம்பியின் எம்.காம். எவ்வளவு உபயோகமோ, அவன் பிறந்த தெருவும் அவ்வளவு உபயோகம்.

இன்னொன்றும் உண்டு. ரிசர்வ் வங்கி 2022ல் கொண்டுவந்த விதிப்படி, வருஷத்துக்கு 3 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்குப் பிணையில்லாமல் கொடுப்பது நுண்கடன். எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. அந்த வருமானத்தை விசாரித்து எழுதுகிறவன் இந்தத் தம்பிதான். மாசத்துக்கு இருபத்தைந்து நாள் வேலை என்று எழுதினால் கடன் கிடைக்கும். பதினைந்து நாள் என்று எழுதினால் கிடைக்காது. உண்மை எதுவென்று அவனுக்குத் தெரியும், அவன் அம்மாவும் பந்தலுக்கடியில் நின்றவள். ஆனால் உண்மையை எழுதினால் அந்த அக்கா கந்துவட்டிக்காரனிடம் போவார் என்பதும் அவனுக்குத் தெரியும். துரோகி என்று ஒரே வார்த்தையில் முடிக்கிற தோழர்கள் அந்தப் படிவத்தைக் கையில் வாங்கி, எந்த எண்ணை எழுதுவது என்று சொல்லட்டும்.

நம்மில் பலருக்கு அம்பேத்கர் என்றால் மகாட் குளம், சாதி ஒழிப்பு, அரசியல் சட்டம், நாக்பூர். இந்த விவாதத்தில் அவருடைய படிப்பையும் நினைக்க வேண்டும். 1913ல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் உதவித்தொகையில் நியூயார்க் போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1915ல் எம்.ஏ. அதற்கு அவர் எழுதிய ஆய்வு, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றியது. 1921ல் லண்டனில் எம்.எஸ்சி.; பேரரசின் நிதியை மாகாணங்களுக்குப் பிரிப்பது பற்றிய ஆய்வு. 1923ல் டி.எஸ்சி.; ரூபாயின் பிரச்சினை. மூன்றும் கஜானாக் கணக்கு.

அந்தக் கணக்கில் அவர் என்ன பார்த்தார்? கம்பெனி ஆட்சி முடிந்தபோது கம்பெனியின் கடன் இந்திய மக்கள் தலையில் ஏற்றப்பட்டதை எம்.ஏ. ஆய்வில் எடுத்துக் காட்டினார். வாங்காத கடனைக் கட்டச் சொன்ன கதை அது. ரூபாயைப் பற்றி எழுதியபோது இன்னும் நெருங்கி வந்தார். ரூபாயின் மதிப்பு இறங்கினால் ஏற்றுமதிக்காரனுக்கு லாபம். அந்த லாபம் வெளிநாட்டிலிருந்து வருவதாக எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். விலைவாசி ஏறுகிற வேகத்தில் கூலி ஏறாததால், உள்ளூர்க் கூலிக்காரனிடமிருந்துதான் அது வருகிறது என்றார் அவர். நிதி என்ற படிப்புக்குள் நின்றுகொண்டே கேட்கக்கூடிய கேள்விதான் இது: லாபம் யார் வயிற்றிலிருந்து வருகிறது?

அவரும் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் படித்தார். உதவித்தொகைக்கு ஈடாகப் பத்து வருஷம் பரோடா அரசில் வேலை செய்வதாக ஒப்பந்தம். 1917ல் அதை நிறைவேற்றத்தான் பரோடா போனார். தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து விரட்டினார்கள். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கூடக் கோப்பைத் தூக்கித்தான் போட்டார். கடனை அடைக்கப் போனவரை அடைக்க விடாமல் துரத்தியது சாதி. பிறகு பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். சொல்லப்போனால், நிதி படித்தவர் செய்கிற அசலான வேலை. சாதி தெரிந்ததும் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள், தொழில் படுத்துவிட்டது. சந்தைக்குச் சாதி தெரியாது, திறமை இருந்தால் போதும் என்று நம் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1956 மார்ச்சில் ஆக்ராவில், படித்தவர்கள் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அம்பேத்கர் வேதனைப்பட்டதை நம் ஆட்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அந்த வேதனை நியாயமானது. ஆனால் அதை ஒரு வசூல் நோட்டாக ஆக்குவது வேறு காரியம். அசல் எவ்வளவு என்று தெரியாது, தவணை எப்போது முடியும் என்று தெரியாது, எழுதுகிறவர் நாம், கட்டுகிறவர் அந்தப் பிள்ளை. நமக்கு நன்றாகத் தெரிந்த நோட்டுத்தான் இது. பண்ணையார் வீட்டில் தொங்கிய நோட்டு. மேல்சாதிப் பையன் நிதி படித்து மும்பைக்குப் போனால் அவன் சாதி அவனைக் கடன்காரன் என்பதில்லை, ஊரே கொண்டாடுகிறது. நம் பிள்ளை கல்விக்கடனையும் கட்டி, குடும்பத்தையும் தாங்கி, நமக்கும் வட்டி கட்ட வேண்டுமென்றால் அது என்ன விடுதலை?

அப்படியானால் அவரிடம் கேட்க எதுவுமே இல்லையா? உண்டு. கடனாகக் கேட்க வேண்டாம், உறவாகக் கேட்கலாம். மூடிவைத்த கணக்கை நம் ஜனத்துக்கு முன்னால் வாசித்துக் காட்டச் சொல்லலாம். டெல்லியில் பட்டியல் சாதியினர் துணைத்திட்டத்துக்கு ஒதுக்கிய பணத்தில் 600 கோடி ரூபாய்க்கு மேல் 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்குத் திருப்பப்பட்டது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, வரவுசெலவு ஏட்டைப் புரட்டிப் பார்த்தவர்களால்தான் அது வெளியே வந்தது. கோஷம் போட்ட நமக்கு அந்த ஏட்டைப் படிக்கத் தெரிந்திருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2024ல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் வந்திருக்கிறது. ஒதுக்குகிற பணம் எந்தத் தலைப்பில் போகிறது, எந்தத் தெருவில் வந்து நிற்கிறது என்று வருஷாவருஷம் பார்க்க ஆள் வேண்டும். எம்.ஏ. தமிழ் படித்த என்னால் அது ஆகாது.

அந்தக் கடன் கம்பெனித் தம்பி வேலையை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், அவன் வீட்டு உலைக்கு நான் அரிசி போடப் போவதில்லை. படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது, மொத்தம் எவ்வளவு கட்டுகிறீர்கள், விதி என்ன சொல்கிறது என்பதை அந்த அக்காமாருக்கு அவன் வாசித்துக் காட்டலாம். அதற்காக அவன் வேலை போனால் தாங்கிப் பிடிக்க நம்மிடம் ஒரு கூட்டுறவுச் சங்கமாவது, ஒரு சிறு சேமிப்பு அமைப்பாவது இருக்க வேண்டும். இல்லாதவரை அவனைத் துரோகி என்பதற்கு நமக்கு வாய் கிடையாது.

நிதி படித்துவிட்டு ஊர் திரும்புகிற பிள்ளைகளிடம் முதல் வேலையாக நம் சங்கத்து வரவுசெலவு நோட்டையே கொடுப்போம். தப்பு இருந்தால் நம்மையும் கேட்கட்டும்.