கையைப் பிடித்த சாமி

குளத்தூர்ப் பக்கம் ஒரு பிள்ளை கேட்கிற முதல் சாமி கதை பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடும்: "சாமி கண்ணக் குத்திரும்." சேக்கிழார் பாடாத கதை. ஆனாலும் அதில் பிள்ளை இருக்கிறது, அதன் கண் இருக்கிறது, சாமியின் விரல் இருக்கிறது. பிள்ளையைக் கதைக்குள் கொண்டுவரும் வித்தை நம் வீடுகளுக்கு நன்றாகவே தெரியும். கொண்டுவந்து எந்த இடத்தில் நிறுத்துகிறோம்? அங்கன்வாடியில் பிள்ளைகளோடு காலம் கழித்த எனக்கு இதைவிடப் பெரிய பக்திக் கேள்வி இல்லை.

மத்தியானம் பாய் விரித்தால் ஒரு பையன் மட்டும் உள்ளங்கைகளால் கண்ணைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுப்பான். ஐந்து வயது நெருங்குகிறவன். அப்பா வெளிநாட்டில், வளர்ப்பது அப்பத்தா. கோயிலில் திருநீற்றுத் தட்டிலிருந்து இரண்டு ரூபாயை எடுத்துவிட்டான். அப்பத்தா அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டார். "சாமி குத்தாதுடா" என்று நான் சொன்னால் நம்புவானா? அப்பத்தாவைவிட நான் பெரியவளா?

அதனால் கண்ணப்பரைத் துணைக்கு அழைத்தேன். சேக்கிழாரின் பெரியபுராணத்தில், கண்ணப்பர் என்று பெயர் பெறும் முன் அவர் திண்ணன்; அவரோடு வேட்டைக்குப் போகிறவர்கள் நாணன், காடன். காடன் தீ மூட்டக் கீழே தங்கிவிட, நாணன் திண்ணனோடு காளத்தி மலை ஏறுகிறான். மூன்றாவதாக நான் ஒருவனைச் சேர்த்தேன். அவனுக்கு இவன் பெயர், இவன் போட்டிருந்த நீல டவுசர்.

"நீ காடனோட நெருப்புக்கிட்ட இருக்கியா, மலைக்கு ஏறுறியா?"

"ஏறுறேன்."

சாமியின் கண்ணில் ரத்தம் வழிகிற இடம் வந்ததும் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "சாமிக்கு வலிக்குமா டீச்சர்?"

அந்தக் கேள்விக்காகத்தான் கதை சொல்கிறேன். தன் கண்ணை மட்டுமே காத்துக் கிடந்தவன், இன்னொருவர் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டான். திண்ணன் தன் கண்ணை எடுத்து அப்புகிற இடத்தைச் சின்னப் பிள்ளைகளிடம் நான் நீட்டுவதில்லை. இரண்டாவது கண்ணுக்கு அம்பு போகும்போது சாமியின் கை வெளியே வந்து அவர் கையைப் பிடிக்கிறதே, அங்கே நிதானமாக நிற்பேன்.

"குத்தலையா?"

"பிடிச்சுக்கிச்சு."

கண்ணைப் பொத்தும் பழக்கம் அன்றே போய்விடவில்லை. திரும்பத் திரும்ப அதே கதையைக் கேட்டான். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை வருகிற இடத்தை அவனே முந்திக்கொண்டு சொன்னான். மெல்ல மெல்ல ஒருக்களித்துத் தூங்கத் தொடங்கினான்.

திருமுறை ஓதுகிற பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சேக்கிழார் வைக்காத ஆளை நீ எப்படிம்மா வைக்கலாம்?" மதிக்க வேண்டிய கேள்வி. அடியார் வரலாறு அவருக்கு உயிர். என் பதில் வைணவப் பக்கமிருந்து வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பூந்தோட்டம் வைத்திருந்த பெரியாழ்வார், யசோதையாகவே நின்று கண்ணனோடு விளையாட நிலாவைக் கூப்பிட்டார். பின்னால் வந்த பிள்ளைத்தமிழ் நூல்களில் அதுவே அம்புலிப் பருவமாக நிலைத்தது. ஆயர்பாடியில் பெரியாழ்வார் ஏது என்று யாரும் வழக்குப் போடவில்லை. பக்தி என்பதே அடுத்தவர் கதைக்குள் நமக்கும் ஓர் இடம் கேட்பதுதானே!

டொனால்டு வினிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1951-இல் படித்த ஒரு கட்டுரையில், குழந்தை விடாமல் கட்டிப்பிடித்திருக்கும் துணி, பொம்மை பற்றிப் பேசினார். இது நீயாக உண்டாக்கியதா, வெளியிலிருந்து கிடைத்ததா என்று அந்தக் குழந்தையிடம் கேட்கக் கூடாது என்பது அவர் கருத்து. மலை ஏறிய பையனிடமும் நான் அதைக் கேட்கமாட்டேன்.

ஆனால் எனக்கு ஒரு வரம்பு உண்டு. பிள்ளையைக் கதைக்குள் நடக்கவிடுவேன், பார்க்கவிடுவேன், கேள்வி கேட்கவிடுவேன். சாமியைப் பேசவைத்து அவனைத் திட்டவும் மாட்டேன், மெச்சவும் மாட்டேன். "பருப்பைச் சாப்பிட்டா முருகன் சிரிப்பாரு" என்பதும் எனக்குக் கசக்கிறது. நம் காரியம் நடக்கச் சாமியை ஏவினால், பிள்ளை தன் துயரத்தைக் கொண்டுபோய் வைக்க அப்புறம் இடம் ஏது?

அப்பத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. "பயமில்லாமப் போனா நாளைக்கும் எடுப்பானே டீச்சரம்மா?" அவருக்கு நம் மாவட்டத்திலேயே, விராலிமலை பக்கம் இருக்கிற கொடும்பாளூரை நினைவுபடுத்தினேன். அந்த ஊரை ஆண்ட இடங்கழியாரும் கண்ணப்பரைப் போல அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவர். அடியார்களுக்குச் சோறிட வழியில்லாமல் போன ஒருவர் நள்ளிரவில் அரசரின் நெற்களஞ்சியத்தில் புகுந்து பிடிபட்டார். ஏன் எடுத்தாய் என்று அரசர் கேட்டார். பதிலைக் கேட்டு உருகி, களஞ்சியத்தையே அடியார்களுக்குத் திறந்துவிட்டார்.

அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. "ராசா கேட்டாரு. நான் கேக்கலையே" என்றார்.

அன்று சாயந்திரம் கேட்டிருக்கிறார். அடியாருக்குச் சோறிடுகிற பெருங்காரணம் எதுவும் அவனிடம் இல்லை; தேன்மிட்டாய் வாங்க எடுத்தானாம். இருவரும் போய் இரண்டு ரூபாயைத் தட்டில் போட்டுவிட்டு, வரும் வழியில் அப்பத்தா காசில் தேன்மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தார்கள். இப்போது இடங்கழியார் கதையை அவருந்தான் சொல்கிறார். அதில் அவர் பேரன் களஞ்சியத்துக்குக் காவல் நிற்கிறான். அந்த வேலையை அவனே கேட்டு வாங்கினானாம்.