இடையூறும் கலைஞனின் கடனும்

தொடங்கிய கருமத்தை இடையிலே கைவிடலாகாது என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றிய அறக்கருத்தாகும். திருக்குறளிலே ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை, வினைத்திட்பம் என மூன்று அதிகாரங்கள் இக்கருத்தைச் சார்ந்து அமைந்துள்ளன. ஆயின், இன்று வழங்கும் வைப்புமுறையில் வினைத்திட்பம் 67ஆம் அதிகாரமாக நிற்க, வினைத்தூய்மை அதற்கு முன்னர் 66ஆம் அதிகாரமாக நிற்பது ஈண்டு நோக்கற்பாலது. செய்கை தூயதாதல் வேண்டும். அதன் பின்னரே அதன்கண் உறுதி வேண்டும். தடைகளைத் தாண்டி ஒரு படைப்பை முடித்தவனைப் பாராட்டும்போது நாம் பெரும்பாலும் பின்னதை மட்டுமே எண்ணுகிறோம். இடையூற்றைக் கடத்தல் எக்காலும் அறமாகுமா? இடையூறு நேர்ந்தது என்பதால் படைப்பின் குறை குறையாகாது போய்விடுமா? இவ்விரு வினாக்களும் ஆராயத்தக்கன.

கலைகள் யாவற்றினும் திரைப்படமே புறவுலகின் தயவை மிகுதியும் வேண்டிநிற்பது. கவிஞனுக்குத் தாளும் கோலும் போதும். படம் எடுப்பவனுக்கோ வெயில், மின்சாரம், வாகனம், பிறர் நேரம், பிறர் முகம் யாவும் ஒரே வேளையில் கூடிவரல் வேண்டும். சத்யஜித் ராய் 1952 ஒக்டோபரில் 'பதேர் பாஞ்சாலி'யின் முதற் காட்சியை நாணற்பூ வெளியொன்றிலே படமாக்கத் தொடங்கினார். அடுத்த வாரம் சென்றபோது பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மீண்டும் பூக்கும் பருவம் வரை காத்திருக்க நேர்ந்தது. பணமுடையாலும் படப்பிடிப்புப் பன்முறை நின்றது. 1955இலேயே படம் வெளிவந்தது. அதற்கிடையில் சிறுவனின் குரல் உடையாதிருந்ததும், முதுமகளாக நடித்த சுனிபாலா தேவி தம் பகுதி முடியும்வரை உயிரோடிருந்ததும் அவர் வென்றெடுத்தவையல்ல, அவருக்கு வாய்த்தவை. விடாமுயற்சியைப் போற்றுவோர் இவ்வாய்ப்பின் பங்கினை மறந்துவிடுதல் கூடாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இடையூறில்லாக் காலத்தை எதிர்நோக்கியிருந்தால் எவரும் எதனையும் எடுத்திருக்க முடியாது. 1974இல் இங்கு பல்கலைக்கழக வளாகம் நிறுவப்பெற்ற பின்னர், அதில் விரிவுரையாளராகப் பணியாற்றிய சிங்களத் திரைப்பட நெறியாளர் தர்மசேன பத்திராஜா, காவலூர் இராஜதுரையின் எழுத்தில் 'பொன்மணி' என்னும் தமிழ்ப் படத்தை எடுத்தார். வளாகத்தைச் சார்ந்தோர் பலர் அதில் நடித்தனர். 1977இல் வெளிவந்த அப்படம் வணிக வெற்றி பெறவில்லை. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரியூட்டப்பட்டபோது படச்சுருள்களும் எரிந்தன. 1990 முதற் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரமே இருக்கவில்லை. இவ்வரலாறு நம்மிடம் ஒரு மனப்பாங்கை வளர்த்துள்ளது. 'இந்த நிலைமைக்குள் இதையாவது செய்தார்களே' என்பது நமது விமரிசனத்தின் வழமையான முடிவுரையாகிவிட்டது. இது பரிவிலிருந்து பிறந்த சொல் என்பதில் ஐயமில்லை. எனினும், பரிவு வேறு, மதிப்பீடு வேறு.

இவ்வேறுபாட்டை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சியொன்றை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே, எரிபொருள் நெருக்கடி உச்சத்திலிருந்த வேளை, மாணவர் சிலர் வடமராட்சிக் கரையோரக் கிராமமொன்றிலே குறும்படம் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தனர். மண்ணெண்ணெய் இன்றிக் கடலுக்குப் போக முடியாத கடற்றொழிலாளி ஒருவரின் கதை அது. நடித்தவரும் அக்கிராமத்து முதிய தொழிலாளி ஒருவரே. ஆலோசகனாக நானும் சென்றிருந்தேன். இறுதிக் காட்சிக்கு ஆயத்தமானபோது மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெயில் இயங்கும் சிறிய மின்பிறப்பாக்கியொன்று எம்மிடம் இருந்தது. மாணவர் இரண்டு நாள் வரிசையில் நின்று பெற்ற நான்கு லீற்றர் எண்ணெயும் இருந்தது. அம்முதியவரோ ஒன்பது நாளாகப் படகு இறக்கவில்லை.

எண்ணெயில்லாதவனின் துயரைக் காட்டுவதற்காக அவன் முன்னிலையிலேயே எண்ணெயை எரிப்பதா? மாணவரிடையே விவாதம் எழுந்தது. நான்கு லீற்றர் ஒரு நாட்பாட்டுக்கும் போதாது, படமோ பலருடைய குறையைப் பலருக்கு எடுத்துரைக்கும் என்றார் ஒருவர். பலர்க்கு நன்மை என்று கூறி எதிரே நிற்பவனை மறப்பது என்ன நியாயம் என்றார் மற்றொருவர். எரிக்கலாம் என்று கூறியவன் நான். தொடங்கியதை முடித்தல் வேண்டும் என்பதே என் வாதம்.

முதியவர் உள்ளே சென்று ஜாம் போத்தல் விளக்கொன்றைக் கொண்டுவந்து வைத்தார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்குள்ள பிள்ளைகள் படித்தது அத்தகைய விளக்கில்தான். "சேர், பிள்ளையள் இதிலை எடுக்கட்டும். அந்த எண்ணெயைக் கடலுக்குத் தாங்கோ" என்றார். காட்சி அவ்வெளிச்சத்திலேயே எடுக்கப்பட்டது. எண்ணெய் படகுக்குப் போயிற்று.

பின்னர் படம் திரையிடப்பட்டபோது அவ்விறுதிக் காட்சியில் முகம் தெளிவாகத் தெரியவில்லை. நிலைமையை அறிந்த சபையோர் அதனை மன்னித்தனர். இருளே பொருத்தமான உத்தி என்று புகழ்ந்தோரும் உளர். நெறியாண்ட மாணவி எழுந்து, "அது உத்தியில்லை, எங்களுக்கு வெளிச்சம் போதவில்லை. அந்த முகத்தைக் காட்டத்தான் விரும்பினோம்" என்று கூறினார். அன்று அங்குப் பேசப்பட்டவற்றுள் நேர்மை மிக்க விமரிசனம் அதுவே எனக் கருதுகிறேன்.

இங்கு இரு கணக்குகள் உள்ளன. எண்ணெயைக் கொடுத்தது சரியான செயல். காட்சி இருண்டது கலைக்குறை. முதலாவதன் பெருமையைக் கொண்டு இரண்டாவதை ஈடுசெய்ய முயன்றால் கலையும் பொய்யாகும், கொடையும் விளம்பரமாகும். அவ்வாறே, காட்சி சிறந்து அமைந்திருப்பினும் அதன் சிறப்பு, எரித்த எண்ணெய்க்கு விடையாகியிருக்காது. உறுதியுடையோன் முதற் கணக்கைப் பாராது விடுதலும், பரிவுடையோன் இரண்டாங் கணக்கைப் பாராது விடுதலும் இயல்பு. இரண்டையும் தனித்தனியே எழுதிவைப்பதே கலைஞனின் கடன்.

மூன்றாவது கணக்கொன்றும் உண்டு. அத்தீர்ப்பை வழங்கியவர் எம்முள் எவருமல்லர். மிகக் குறைவாக உடையவரே எமது இக்கட்டைத் தீர்த்துவைத்தார். அவர் வாய் திறவாதிருந்தால் என் சொற்படியே எண்ணெய் எரிந்திருக்கும். 2022 ஓகஸ்டிலே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது எனக்கு அந்த நான்கு லீற்றரின் நினைவே வந்தது. இடையூறுகள் இனியும் வரும். அவற்றை நம் மாணவர் தாண்டுவர் என்பதிலும் ஐயமில்லை. தாண்டும்போது காலடியில் யார் இருக்கின்றார் என்பதை, அவர் எழுந்து சொல்லுமுன்னரே நாம் கண்டுகொள்ளல் வேண்டும். வினைத்தூய்மை முன்னும் வினைத்திட்பம் பின்னும் நிற்பதன் பொருளை நான் அக்கரையிலேதான் கற்றேன்.