பிட்டும் தேங்காய்ப்பூவும்

மட்டக்களப்பு வாவிக்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் கூடிவாழும் வாழ்வைப் பிட்டுக்கும் தேங்காய்ப்பூவுக்கும் ஒப்பிடுதல் நெடுநாள் வழக்கு. மேடைதோறும் கேட்டுப் பழகிய உவமை இது. அது நம்மிடம் எதைக் கோருகிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

உணவைக்கொண்டு உறவை அளப்பது நமக்கு மட்டும் உரியதன்று. கொரிய மக்கள் குடும்பத்தாரைச் 'சிக்கு' என்பர்; உண்ணும் வாய்கள் என்பதே அதன் பொருள். ஒரு பானைச் சோற்றை உண்போர் ஒரு குடும்பத்தார் என்பது அவர்தம் கருத்து. நம் நாட்டு முஸ்லிம் விருந்துகளில் பலர் ஒரே சகனைச் சுற்றியமர்ந்து உண்கின்றனர். செல்வனுக்கென்று அங்கே தனிப் பாத்திரம் இல்லை. படுவான்கரை வயல்வாடியில் உழைத்துக் களைத்தோர் பகிர்ந்துண்ணும் சோறும் அத்தகையதே.

ஆனால், எல்லாச் சோறும் உறவை வளர்ப்பதில்லை. அன்னதானத்தில் கொடுப்பவன் நிற்கிறான். பெறுபவன் அவன்முன் அமர்கிறான். சாதி பார்க்கும் வீட்டிலோ உழைப்பவனுக்குச் சோறு உண்டு, பந்தியில் இடம் இல்லை. சாதியின் பேரால் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதை 1957ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. உணவுக்கடையின் வாயிலைச் சட்டம் திறக்கலாம்; வீட்டுப் பந்தியை நாமே திறத்தல் வேண்டும். ஈதல் எளிது; உடனிருந்து உண்ணல் அரிது.

1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுவருக்கு மேல் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் குழந்தைகளோடு மாண்டன. மேடை உவமை எவரையும் காக்கவில்லை. விருந்துண்ட வீடுகளுக்குச் செல்லவே மனிதர் அஞ்சிய காலம் அது. நஞ்சிராது என்று நம்பினாலன்றிப் பிறர் கைச்சோற்றை எவன் உண்பான்? ஆதலின், உடனுண்ணல் வெறும் உபசாரமன்று; உயிரையே ஒப்படைக்கும் நம்பிக்கை அது.

பிட்டுக்குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் அடுத்தடுத்துக் கிடந்து ஒரே ஆவியில் வேகின்றன, ஒன்று மற்றொன்றாகிவிடுவதில்லை. முஸ்லிம் நண்பரை விருந்துக்கு அழைக்கும் தமிழர் ஹலால் இறைச்சியைத் தேடி வாங்கட்டும். தமிழ் நண்பரை அழைக்கும் முஸ்லிம் அன்று மாட்டிறைச்சியைத் தவிர்க்கட்டும். வேற்றுமையை அழிக்காமல் அதற்கும் பந்தியில் இடமளிப்பதே சமத்துவம். பிறரை நம் வீட்டுக்கு அழைத்துவிட்டோம் என்று நிறைவடைதல் போதாது. அவர் வீட்டில், அவர் சமைத்ததை, அவர் அருகமர்ந்து உண்டோமா? இக்கேள்விக்கு ஆம் என்று சொல்ல இயலும் நாளில்தான் அவ்வுவமையைச் சொல்லும் உரிமை நமக்கு உண்டாகும்.