நோன்பும் பட்டினியும்

அட்டமியிலும் சதுர்த்தசியிலும் உண்ணாநோன்பு இருத்தல் நம் இல்லங்களில் வழிவழியாக வந்த ஒழுக்கம். அண்மைக் காலமாக நம் இளைஞர்கள், "பாட்டி, நோன்பு இருந்தால் உயிரணுக்கள் தூய்மையடைகின்றன என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டது" என்று மகிழ்ந்து கூறுகின்றனர். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் எனக்கு ஒரு வினா எழுகிறது. உண்ணாமை உடலுக்கு நன்மை என்றால், உண்ண வழியில்லாதவரின் பசியும் நன்மைதானா?

முதலில் விஞ்ஞானம் சொல்வதைக் காண்போம். நம் உயிரணுக்கள் பெரும்பாலானவற்றினுள் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. வீட்டுக்கு அடுப்பு எப்படியோ, அப்படி உயிரணுவுக்கு இவை. உணவின் சத்தைப் பிராணவாயுவின் துணையால் எரித்து, ஏ.டி.பி. என்னும் ஆற்றல் பொருளை ஆக்கித் தருகின்றன. 1929-இல் அப்பொருளை இனங்கண்டவர்களுள் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லப்பிரகட சுப்பாராவ் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

வெப்பமும் பசியும் உழைப்பும் உயிரணுவை நெருக்கும்போது அது வாளாவிருப்பதில்லை. 1962-இல் இத்தாலிய அறிஞர் ரிட்டோசா, வெப்பம் மிகுந்தபோது பழ ஈயின் உயிரணுக்கள் வழக்கமாக உறங்கிக் கிடக்கும் சில மரபணுக்களை எழுப்பிவிடுவதைக் கண்டு வெளியிட்டார். அவற்றால் உருவாகும் புரதங்கள், நிலைகுலைந்த பிற புரதங்களைத் தாங்கி நிறுத்துகின்றன என்பது பின்னர் தெரிய வந்தது. பசியின்போது உயிரணு தன்னுள் பழுதடைந்த பகுதிகளைத் தானே சிதைத்து, அதையே உணவாகக் கொள்கிறது. ஈஸ்ட்டைப் பட்டினியிட்டு இதன் வழிமுறையை விளக்கிய ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமி 2016-இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வேளையில் நல்ல மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றோடொன்று இணைந்து நீண்டு தம்மைக் காத்துக்கொள்கின்றன. பழுதுற்றவை அடையாளமிடப்பட்டு அகற்றப்படுகின்றன.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. நெருக்கடி அளவு கடந்தாலும், ஆறுதற்கு இடமின்றித் தொடர்ந்தாலும், மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு தளர்ந்து உள்ளிருக்கும் புரதமொன்று வெளியே கசிகிறது. அதுவே அந்த உயிரணு தன்னை முடித்துக்கொள்வதற்கான ஆணையாகிறது. ஆகவே இடர் எல்லாம் நன்மை என்று விஞ்ஞானம் கூறவில்லை. அளவோடு வந்து, விலகி, ஆறுவதற்குக் காலமும் உணவும் கிடைக்கும் இடரையே உயிரணு வலிமையாக மாற்றிக்கொள்கிறது. மேலும், இச்சோதனைகளுள் பெரும்பாலானவை ஈஸ்ட்டிலும் எலியிலும் நடந்தவை. நம் நோன்பை விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது என்று மேடையில் முழங்குவது முறையன்று.

நான் வாழும் அலங்காநல்லூரில் இவ்வுண்மையைக் காளை வளர்ப்போர் ஏட்டுக் கல்வியின்றியே அறிவர். நீச்சல், நடை, மண்குத்தல் என்று காளையைப் பழக்குவர். பழக்கிய பின் பருத்திவிதையும் புண்ணாக்கும் வைத்து நிழலில் கட்டுவர். வயிறு வாடிய காளையை எவரும் பழக்குவதில்லை. அந்தப் பயிற்சியைக் காளை தானே விரும்பி ஏற்றதா என்ற கேள்வி நமக்கு உண்டு. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இனி, நான் ஐம்பது ஆண்டுகளாக மனத்தில் சுமந்துவரும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிது, 1974-ஆம் ஆண்டு. கடுமையே பிள்ளைகளை உருவாக்கும் என்று உறுதியாக நம்பிய வயது. ஒருநாள் காலை, வகுப்பில் உறங்கி விழுந்த ஒரு சிறுமியை வெயிலில் நிற்கச் சொன்னேன். "சிறிது துன்பம் பட்டால்தான் திருந்துவாய்" என்றும் சொன்னேன். அரை மணி நேரத்தில் அவள் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து, நீராகாரம் கொடுத்து விசாரித்தபோதுதான் தெரிந்தது: விடியற்காலை மூன்று மணி முதல் தாயுடன் மல்லிகை பறித்துவிட்டு, எதுவும் உண்ணாமல் வந்திருக்கிறாள். முந்தைய இரவும் அரை வயிறுதான். அன்று சதுர்த்தசி. நானும் உண்ணாமல்தான் இருந்தேன்.

அன்று எங்கள் இருவரின் வயிறும் வெறுமையாகவே இருந்தது. இருவரின் உயிரணுக்களும் ஒரே விதியின்படியே இயங்கின. ஆயினும் எனக்கு முந்தைய நாள் உண்ட உணவின் சேமிப்பு இருந்தது, நிழல் இருந்தது, மறுநாள் பாரணை உறுதியாக இருந்தது. அவளுக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. பசியோ வெயிலோ அவள் ஏற்றவையல்ல. வெயிலை ஏற்றியவள் நான். நான் இருந்தது நோன்பு. அவள் கிடந்தது பட்டினி.

பட்டினியின் வடு எளிதில் ஆறுவதன்று. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நேர்ந்த பஞ்சத்தின்போது கருவிலிருந்த குழந்தைகள், ஐம்பது வயதில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் குறைந்தவர்களாகக் காணப்பட்டனர். நம் மாநிலத்தில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர். மைட்டோகாண்ட்ரியாவின் அடுப்பு எரிவதற்கு இரும்புச்சத்து இன்றியமையாதது. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்ணும் இல்லத்தரசியின் பசியை நாம் தியாகம் என்று புகழ்கிறோம். அது அவள் ஏற்ற விரதமா, நாம் ஏற்றிய சுமையா?

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தனர். தத்துவார்த்த சூத்திரத்தில் புறத்தவங்களுள் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது உண்ணாமை. அதே நூலில் அஹிம்சை விரதத்துக்கு நேரும் குற்றங்களாக ஐந்து கூறப்படுகின்றன: கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், அன்னமும் நீரும் தடுத்தல். எண்ணிப் பாருங்கள்! தானே கைவிட்டால் தவமாகும் உணவு, பிறரிடமிருந்து தடுக்கப்பட்டால் இம்சையாகிறது. சுமையும் அத்தகையதே. காளையைப் பற்றி எழுந்த கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. தானாக ஏற்க இயலாத உயிரின்மேல் நாம் ஏற்றும் எதனையும் 'பயிற்சி' என்று சொல்லி நம் மனச்சான்றை உறங்கவைத்தல் ஆகாது.

ஏற்றல் என்பதற்கும் அளவு உண்டு. சக்திக்கேற்ற தவம் என்பதே பதினாறு பாவனைகளுள் ஒன்று. சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவரும், கருவுற்ற பெண்ணும், வளரும் குழந்தையும் 'மற்றவர் என்ன சொல்வரோ' என்று கூசி நோன்பிருந்தால், அப்பசியை ஏற்றியவர்கள் நாமே ஆவோம்.

2022 செப்டம்பர் 15 அன்று அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் நம் மதுரையில் தொடங்கப்பட்டபோது, என் நினைவுக்கு முதலில் வந்தவள் அந்த மல்லிகைச் சிறுமிதான். இன்று அவளும் பாட்டியாகியிருப்பாள்.

நான்கு தானங்களுள் ஆகார தானம் ஒன்றல்லவா? வரும் சதுர்த்தசியன்று நாம் உண்ணாத ஒருநாள் உணவைப் பசித்த ஒருவருக்கு அளிப்போம். அன்று மாலை ஒரே ஒரு கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: இன்று என்னால் பசித்திருந்தவர் எவரேனும் உண்டா?