சமய நிந்தையும் பேச்சுரிமையும்

ஒரு சமயத்தின் கடவுளையோ மறைநூலையோ அதைத் தோற்றுவித்தவரையோ இகழ்ந்து பேசுவது சமய நிந்தை எனப்படுகிறது. பழைய சட்டங்கள் அதைக் கடவுளுக்கு எதிரான குற்றமாகக் கருதித் தண்டித்தன. இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் இருந்த அத்தகைய குற்றம் 2008இல்தான் நீக்கப்பட்டது. இன்றைய சட்டங்கள் பலவும் கடவுளை விட்டுவிட்டு, நம்புவோரின் மனம் புண்படுவதைக் குற்றத்தின் அடிப்படையாகக் கொள்கின்றன. மாற்றம் நியாயமானதாகத் தோன்றினாலும் அதில் ஒரு சிக்கல் உண்டு. மனம் புண்பட்டதற்குப் புண்பட்டவரின் வாக்குமூலத்தைத் தவிர வேறு சான்று கிடையாது. அப்படியிருக்க, எந்தப் பேச்சைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், எதைத் தடுக்க வேண்டும் என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது? சமயங்களும் மெய்யியலும் சட்டமும் இதற்குத் தனித்தனியே விடை தேடியிருக்கின்றன.

சமயங்களுக்குள் மறுப்பு மரபு

பிற சமயத்தை மறுக்காமல் எந்தச் சமயமும் வளரவில்லை. தமிழிலேயே இதற்குச் சான்றுகள் ஏராளம். பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாகச் சமணர் தரப்பில் நீலகேசி எழுந்தது. மூல நூல் அழிந்துபோனது. அதன் பாடல்களில் சில இன்று கிடைப்பதற்கு மறுப்பு நூலின் உரையும் ஒரு காரணம். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம், உலோகாயதம் தொடங்கிப் பிற கொள்கைகளை வரிசையாக எடுத்து மறுக்கிறது. எதிராளியின் கொள்கையை முதலில் அவர் தரப்பிலிருந்தே எடுத்துரைப்பதும், பிறகு அதை மறுப்பதும் அந்நூலின் முறை. சித்தர்களில் சிவவாக்கியர் கல்லை வணங்குவதையும் சடங்குகளையும் கடுமையாக எள்ளினார். சம்பந்தரின் பதிகங்களில் சமண பௌத்தக் கண்டனம் ஏறத்தாழ ஒரு நிலையான உறுப்பாகவே வருகிறது. 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் கிறித்தவப் பாதிரிமாரின் சைவக் கண்டனத்துக்கு ஆறுமுக நாவலர் 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ என்ற நூலால் பதில் சொன்னார்.

இவற்றில் பெரும்பாலானவை அக்கால எதிர்த்தரப்பினரின் மனத்தை நோகடித்திருக்கும் என்பதில் ஐயமில்லை. மனம் நோவதே தடைக்குப் போதிய காரணம் என்றால் முதலில் தடைப்பட்டிருக்க வேண்டியவை சமயங்களின் சொந்த நூல்களே. இன்று புனிதமாகப் போற்றப்படும் ஒரு சமயத்தின் முதல் சொல், பெரும்பாலும் அதற்கு முந்திய சமயத்தாரின் காதில் நிந்தையாகவே விழுந்திருக்கும்.

அடக்கத்துக்கான அறிவுரையும் இதே மரபுகளுக்குள் இருக்கிறது. பௌத்த மறைநூல் தொகுதியான தீக நிகாயத்தின் முதல் சூத்திரமான பிரம்மஜால சூத்திரம் புத்தர் இகழப்பட்டதில்தான் தொடங்குகிறது. சுப்பியன் என்ற பரிவிராசகன், அதாவது ஊர் சுற்றும் துறவி, புத்தரையும் தம்மத்தையும் சங்கத்தையும் பழித்துக்கொண்டே வழிநெடுக நடக்கிறான். அதைக் குறித்துப் பேசிக்கொண்ட பிக்குகளிடம் புத்தர், சினம் கொள்ள வேண்டாம் என்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணம் அறிவு சார்ந்தது: சினம் கொண்டவரால் பிறர் சொல்வது சரியா தவறா என்று பகுத்தறிய இயலாது. தவறானதைத் தவறு என்று விளக்கினால் போதும். புகழ்ச்சி கேட்டாலும் அவ்வாறே பூரிக்க வேண்டாம் என்று அடுத்துச் சொல்கிறார். இது கேட்பவருக்கான அறிவுரை.

பேசுபவருக்கானது அசோகரின் 12ஆம் பாறைக் கல்வெட்டில் இருக்கிறது. தன் சமயத்தைத் தகாத இடத்தில் மெச்சுவதையும் பிறர் சமயத்தை இகழ்வதையும் குறைத்து நாவை அடக்க வேண்டும் என்றும், தன் சமயத்தின் மேல் உள்ள பற்றால் பிற சமயத்தைத் தாழ்த்துபவர் தன் சமயத்துக்கே கேடு செய்கிறார் என்றும் அது கூறுகிறது. பிறர் கொள்கையைச் செவிமடுக்குமாறும் கேட்டுக்கொள்கிறது. மீறினால் இன்ன தண்டனை என்று அக்கல்வெட்டில் எதுவும் இல்லை. நாவடக்கம் அறமாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

மில் வகுத்த எல்லை

மேலை மெய்யியலில் இக்கேள்விக்கு அதிகம் எடுத்தாளப்படும் விடை, ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட ‘ஆன் லிபர்ட்டி’ என்ற நூலில் உள்ளது. ஒரு கருத்தை அடக்குவது ஏன் தவறு என்பதற்கு அவர் படிப்படியாகக் காரணம் காட்டுகிறார். அடக்கப்பட்ட கருத்து உண்மையாக இருக்கலாம். முழு உண்மையாக இல்லாவிடினும் உண்மையின் ஒரு கூறு அதில் இருக்கலாம். முற்றிலும் பொய்யே என்றாலும், எதிர்ப்பே காணாத உண்மை நாளடைவில் பொருள் உணராமல் ஒப்பிக்கும் பாடமாகிவிடும். மூன்றாவது காரணம் சமயத்துக்கு மிகவும் பொருந்தும். மறுப்பைச் சந்திக்காத நம்பிக்கை, நம்புவோரிடமே உயிரற்றுப் போகிறது.

மில் எல்லையே வகுக்காமல் விடவில்லை. தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதலாம். அதையே ஒரு வியாபாரியின் வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்தின் முன் சொன்னால் தண்டிக்கலாம் என்பது அவர் தரும் எடுத்துக்காட்டு. இரண்டு இடத்திலும் சொல் ஒன்றுதான், கேட்பவருக்கு வரும் கோபமும் ஒன்றாகவே இருக்கலாம். வேறுபடுவது அச்சொல் உடனடியாக விளைவிக்கும் தீங்கு.

1927இல் பிறந்த சட்டம்

இந்தியாவில் இக்கேள்வி சட்ட வடிவம் பெற்றது லாகூரில் நடந்த ஒரு வழக்கால். நபிகளின் இல்வாழ்வை இழித்துரைத்த ‘ரங்கீலா ரசூல்’ என்ற சிறு நூலை ராஜ்பால் என்ற பதிப்பாளர் 1924இல் வெளியிட்டார். வகுப்புகளுக்கிடையே பகை மூட்டுவதைத் தண்டிக்கும் 153அ பிரிவின் கீழ் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1927இல் லாகூர் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. வாழும் ஒரு வகுப்பார் மீதான தாக்குதலைத் தடுப்பதே அப்பிரிவின் நோக்கம், மறைந்த சமயத் தலைவரைப் பற்றிய விமர்சனம் அதில் அடங்காது என்பது நீதிபதி தலீப் சிங்கின் முடிவு. எழுந்த கொந்தளிப்பில் அதே ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295அ பிரிவு சேர்க்கப்பட்டது. 1929இல் ராஜ்பால் கொல்லப்பட்டார்.

புதிய பிரிவு எல்லா இகழ்ச்சியையும் குற்றமாக்கவில்லை. சமய உணர்வைச் சீண்டும் எண்ணம் திட்டமிட்டதாகவும் தீய நோக்குடையதாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. மசோதாவை ஆராய்ந்த தெரிவுக் குழுவில் இருந்த ஜின்னா, வரலாற்று ஆய்வும் நேர்மையான சமய விமர்சனமும் காக்கப்பட வேண்டும் என்று வலியுறுத்தினார். அந்த நிபந்தனை எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னாளில் பாகிஸ்தான் காட்டியது. 1986இல் அங்கே சேர்க்கப்பட்ட 295சி பிரிவு நபிநிந்தைக்கு மரண தண்டனை விதிக்கிறது. நோக்கத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இச்சட்டத்தை விமர்சித்த பஞ்சாப் ஆளுநர் சல்மான் தாசீர் 2011இல் தம் மெய்க்காவலராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பில் பேச்சுரிமைக்கு வரம்பு கட்டும் காரணங்கள் உறுப்பு 19(2)இல் பட்டியலிடப்பட்டுள்ளன. சமய உணர்வு அப்பட்டியலில் இல்லை. 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் 295அ பிரிவை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது, 1951ஆம் ஆண்டின் முதல் திருத்தம் பட்டியலில் சேர்த்த பொது ஒழுங்கு என்ற காரணத்தின் வழியாகத்தான். திட்டமிட்ட, தீய நோக்குள்ள இகழ்ச்சி அமைதியைக் குலைக்கக்கூடியது என்பது தீர்ப்பின் வாதம். அதன்படி உணர்வைக் காப்பதற்கான நியாயம், அவ்வுணர்வு கலவரமாக வெடிக்கும் என்பதில் போய் முடிகிறது. பொறுமையாக இருக்கும் சமயத்தாரைவிட எளிதில் கிளர்ந்தெழும் சமயத்தாருக்கு அதிகப் பாதுகாப்பு கிடைக்க இது வழிவிடுகிறது. தீவிரவாதம் இந்த இடைவெளியில்தான் வேர் விடுகிறது. கோபத்தைப் பெரிதாகக் காட்டக் காட்டத் தடை எளிதில் கிடைக்கும் என்றால், கோபத்தைத் திரட்டுவதே ஒரு தொழிலாகிவிடும்.

திருச்சியும் நாமக்கல்லும்

இரண்டு தமிழக நிகழ்வுகள் இச்சிக்கலின் இரு பக்கங்களைக் காட்டுகின்றன. 1953 மே 27 அன்று திருச்சி நகரமன்றத் திடலில் பெரியார் ஈ.வெ.ரா. களிமண் பிள்ளையார் உருவத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்ற சைவர் வழக்குத் தொடுத்தார். புனிதப் பொருளைச் சிதைப்பதைத் தண்டிக்கும் 295 பிரிவு, கோயிலில் வைத்து வழிபடாத ஒரு மண் பொம்மைக்குப் பொருந்தாது என்று கீழ் நீதிமன்றங்கள் புகாரைத் தள்ளின. 1958இல் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கம் மிகவும் குறுகலானது என்றது. ஒரு வகுப்பார் புனிதமாகக் கருதும் பொருள் எவ்வளவு அற்பமானதாயினும் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும், அந்த நம்பிக்கை பகுத்தறிவுக்கு ஒத்ததா என்பதை நீதிமன்றம் பார்க்கத் தேவையில்லை என்றது. நாள் கடந்துவிட்டதால் வழக்கை மேற்கொண்டு நடத்த உத்தரவிடவில்லை.

நம்பிக்கையின் தராதரத்தை நீதிபதி எடைபோடக் கூடாது என்பது சரியே. ஆனால் அதன் மறுபக்கமாக, எது புனிதம் என்பதை முழுவதும் நம்புவோரின் சொல்லே தீர்மானிக்கிறது. உருவ வழிபாட்டை மறுப்பதையே கொள்கையாகக் கொண்ட ஒருவருக்கு அந்தச் செயலும் ஒரு வாதம் என்ற தரப்புக்கு அங்கே இடம் குறைகிறது.

மறுபக்கத்தைக் காட்டுவது பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல். 2010இல் வெளியான அந்நூலுக்கு எதிராக 2014 இறுதியில்தான் திருச்செங்கோட்டில் போராட்டம் வெடித்தது. குழந்தையில்லாத தம்பதியையும் கோயில் திருவிழாவையும் ஒட்டிய பகுதிகள் ஊரையும் பெண்களையும் இழிவுபடுத்துகின்றன என்பது குற்றச்சாட்டு. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. நிபந்தனையற்ற மன்னிப்பும் விற்பனையாகாத பிரதிகளைத் திரும்பப் பெறுவதும் அதன் முடிவு. பின்னர் எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டதாக அவரே அறிவித்தார். எந்தச் சட்டப் பிரிவும் இல்லாமல், அமைதி காத்தல் என்ற பெயரிலேயே ஒரு நூல் அங்கே அடக்கப்பட்டது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்த உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. பிடிக்காத நூலைப் படிக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை என்றும், அவர் மீண்டும் எழுத வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது.

இதற்கு அடித்தளம் முன்பே இடப்பட்டிருந்தது. இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ திரைப்பட வழக்கில், 1989இல் உச்ச நீதிமன்றம் இரண்டு விதிகளை வகுத்தது. பேச்சுக்கும் தீங்குக்கும் இடையிலான தொடர்பு, வெடிமருந்துக்கும் தீப்பொறிக்கும் உள்ளதுபோல் நெருக்கமாக இருக்க வேண்டும். கலவரம் செய்வோம் என்று மிரட்டுபவரைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று சொல்லி அரசு பேசுபவரின் வாயை அடைக்கக் கூடாது. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கின் தீர்ப்பு விவாதம், ஆதரித்துப் பேசுதல், தூண்டுதல் என மூன்றைப் பிரித்து, மூன்றாவதை எட்டும்போதே தடை எழும் என்றது. 295அ பிரிவோ இன்றும் நீடிக்கிறது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு.

சகிக்காதவரைச் சகிப்பது

தன்னை மறுப்போரை ஒழிப்பதே குறிக்கோளான தீவிரவாதிக்கும் பேச்சுரிமை உண்டா என்பது எஞ்சும் கேள்வி. வரம்பற்ற சகிப்பு இறுதியில் சகிப்பையே அழித்துவிடும் என்று கார்ல் பாப்பர் 1945இல் எழுதினார். இது தடைகளுக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அதே குறிப்பில் அவர் வைத்த நிபந்தனை பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. வாதத்தால் எதிர்கொள்ளவும் பொதுக் கருத்தால் கட்டுக்குள் வைக்கவும் முடியும்வரை அவர்களை அடக்குவது அறிவன்று என்றார் அவர். வாதத்தைக் கேட்கவே கூடாது என்று தம்மவரைத் தடுத்து, பதிலுக்குக் கைகலப்பையும் துப்பாக்கியையும் கற்பிக்கும்போதே அடக்கும் உரிமை எழுகிறது.

நாடுகள் இக்கோட்டை வெவ்வேறு இடத்தில் கிழிக்கின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1969இல் பிராண்டன்பர்க் வழக்கில், உடனடிச் சட்டமீறலைத் தூண்டும் நோக்கும் அது நிகழும் வாய்ப்பும் இருந்தாலன்றித் தண்டிக்க முடியாது என்றது. நாஜி ஆட்சியை அனுபவித்த ஜெர்மனி, மக்களில் ஒரு பிரிவினர் மீது வெறுப்பு மூட்டுவதையும் யூதப் படுகொலையை மறுப்பதையும் குற்றமாக வைத்திருக்கிறது. இரண்டு நாட்டிலும் கேள்வி மனிதருக்கு வரும் தீங்கைப் பற்றியது. ஒரு கொள்கையைப் பொய் என்பதும் அதை எள்ளுவதும் ஒன்று. அக்கொள்கை உடையவர்கள் இந்நாட்டில் வாழத் தகாதவர்கள் என்பது வேறொன்று. முதலாவது எவ்வளவு கசந்தாலும் நம்புவோர் எழுந்து பதில் சொல்ல இடம் விடுகிறது. இரண்டாவது அவர்கள் எழுந்து நிற்கும் இடத்தையே பறிக்கிறது. எள்ளல் என்ற போர்வையில் இரண்டாவது வருவதும் உண்டு. ஆகவே சொல்லை மட்டும் பார்க்காமல், யார், யாரை, எந்தச் சூழலில், என்ன விளையும் என்று அறிந்து சொல்கிறார் என்பதைப் பார்ப்பது தவிர்க்க முடியாதது.

கேட்டவரின் பதில் சொல்லும் நிலையை ஒரு பேச்சு அழிக்கிறதா என்பது, அவருக்கு எவ்வளவு வலித்தது என்பதைவிட உறுதியான அளவுகோல். அதில் தேறும் பேச்சைச் சட்டம் தொடத் தேவையில்லை. தேறிய பேச்சு எல்லாம் நல்ல பேச்சு என்றும் பொருளில்லை. வீணாகப் பிறர் மனத்தை நோகடிப்பது தீமையே. அத்தீமையைத் திருத்தும் வேலை அசோகர் வேண்டிய நாவடக்கத்துக்கும், புத்தர் சொன்ன சினமற்ற மறுமொழிக்கும், பரபக்கம் கையாண்ட நேர்மையான வாத முறைக்கும் உரியது.